அண்ணி விற்காத தோட்டா

தானே புயலில் போன கரண்ட் திரும்பியிருந்த வாரம். சிதம்பரத்தில் வகுப்பை முடித்து வெளியே வந்தபோது கடலூரிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, ராஜலட்சுமி அத்தை போயிட்டாங்க. ஹார்ட் அட்டாக்." அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. இன்னும் அடங்கவில்லை.

அண்ணன் இறந்த பிறகு, கடலூரில் அவருடைய துப்பாக்கிக் கடையைத் தனியாக நடத்தியவர் ராஜலட்சுமி அண்ணி. பொம்பளைக்கு எதற்கு இந்த வியாபாரம் என்று உறவே முணுமுணுத்தது. அவர் சட்டை செய்யவில்லை.

மேக்னம் தோட்டாவின் கதையை அவர் ரசித்துச் சொல்வார். அமெரிக்க வேட்டைக்காரர்கள் சிலர் பழைய ரிவால்வர் தோட்டாவில் வெடிமருந்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். கடைசியில் துப்பாக்கிக் கம்பெனியே அப்படியொன்றைச் செய்தது. மானுக்கும் கரடிக்கும் ஆன தோட்டா. பழைய ரிவால்வரில் போட்டால் வெடித்துவிடும் என்பதால், அதில் நுழையாதபடி தோட்டாவின் பித்தளை உறையைக் கொஞ்சம் நீட்டிவிட்டார்கள். "கரடிய சுடச் செஞ்சவன்கூட மனுசன் கைய நெனச்சிருக்கான் பாருங்க தம்பி" என்பார்.

பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவர் அந்தத் தோட்டாக்களைத் திருட்டுத்தனமாக வரவழைத்து, தாத்தா காலத்து ரிவால்வரோடு கடைக்கு வந்தார். தோட்டா நுழையவில்லை, ரிவால்வரில் தோட்டா போடும் துளையை இன்னும் ஆழமாகக் குடைந்து கொடுங்கள் என்றார். அண்ணி அவரை வெளியே போகச் சொன்னார். அவர் வேறெங்கோ லேத்தில் குடைந்துகொண்டார். முதல் குண்டைத் தான் சுடாமல், தன் டிரைவர் செல்வத்தின் கையில் கொடுத்துச் சுடவைத்தார். ரிவால்வர் வெடித்துச் செல்வத்துக்கு மூன்று விரல்கள் போயின.

தோட்டா வாங்கியதும் துளையைக் குடைந்ததும் அண்ணி கடையில்தான் என்று அந்த மனிதர் போலீஸில் கூசாமல் சொன்னார். செல்வமும் ஆமாம் என்றார். லைசென்ஸ் போனது, கடைக்குப் பூட்டு விழுந்தது, வழக்கு இழுத்தடித்தது. அப்பவே சொன்னோமே என்று உறவு சந்தோஷப்பட்டது. வெட்கங்கெட்டவர்கள்.

"கட போவட்டும் தம்பி. அந்தப் புள்ள வெரல நான் எடுத்தேன்னு ஊரே சொல்லுது, அதான் தாங்க முடியல" என்றார் அண்ணி. பிறகு வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டார்.

சாவு வீட்டுக்கு அந்த வியாபாரி ஆளுயர மாலை அனுப்பியிருந்தார். அதைத் தூக்கித் தெருவில் எறிந்தேன். அண்ணியை எடுக்கும் நேரத்தில் செல்வம் வந்து, எல்லார் முன்னாலும் சொன்னார்:

"அக்கா முடியாதுன்னுதான் சொன்னாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். மொதலாளிக்குப் பயந்து மாத்திச் சொல்லிட்டேன்."

அடிக்கக் கை ஓங்கினேன். அவர் விலகவில்லை. விரல்கள் போன அவர் கையைப் பார்த்ததும் என் கை இறங்கிவிட்டது.

"இத நேத்து வந்து சொல்லியிருக்கக் கூடாதாய்யா?"

நான் குனிந்து, அண்ணியின் காதோரம் செல்வம் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் தூக்கவிட்டேன்.