சின்னிவிரலும் மூன்றாம் குறிப்பும்

பங்குத் திருநாளை ஒட்டி, உடையார்கட்டு மைதானத்தில் எங்கள் பங்குக் குடும்பஸ்தர்களுக்கும் அடுத்த பங்குக் குடும்பஸ்தர்களுக்கும் கரப்பந்தாட்டப் போட்டி. தொடங்குமுன், ஒரு கிறிஸ்தவனுக்கு விளையாட்டு ஏன் தேவை என்று ஐந்து நிமிடம் பேசும்படி பங்குத்தந்தை என்னைக் கேட்டிருந்தார். நான் நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன். ஐந்து நிமிடத்துக்கு நான்கு நாள் ஆயத்தம் செய்தேன்.

மூன்று குறிப்புகள். ஒன்று, உடல் முழுவதும் கடவுள் தந்தது. இரண்டு, அணியாக ஆடுவது தாழ்மையைப் பழக்கும். மூன்று, நடுவர் காணாததையும் கடவுள் காண்கிறார். ஆகவே ஆட்டத்தில் உண்மையை ஒப்புக்கொள்வதும் ஒரு செபம். பதினொரு நிமிடம் வாசித்தேன். இரண்டு அணிகளும் வெயிலில் நின்றன.

கடைசிச் செற்றில் பதினான்குக்குப் பதின்மூன்று என்று நாங்கள் முன்னால் நின்றோம். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால், ஆறு வருடமாக அவர்களிடம் தோற்றுவரும் எங்களுக்குக் கேடயம். எதிரணியின் நெட்டையர் ஓங்கி அடித்த பந்து, தடுக்க எழும்பிய என்னைத் தாண்டிப்போய்க் கோட்டுக்கு வெளியே விழுந்தது. எங்களுக்கே புள்ளி என்று நடுவர் விசில் ஊதினார். எங்கள் ஆட்கள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள்.

பந்து என் சின்னிவிரலில் உரசியிருந்தது. உரசினால் புள்ளி அவர்களுக்கு.

யோசித்தேன். சின்னிவிரலையும் உடல் என்று எடுப்பதா? முதற்குறிப்பில் 'முழுவதும்' என்று எழுதி அடிக்கோடும் போட்டவன் நான்தான். பிறகு நல்ல வழி ஒன்று தோன்றியது. கேடயத்தை வாங்குவோம், சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் பங்குத்தந்தையிடம் பாவமாகச் சொல்லிவிடுவோம். அந்த வாரம் சொல்வதற்கு வேறு பெரிதாக ஒன்றும் இருக்கவுமில்லை.

வலைக்கு அப்பாலிருந்து நெட்டையர் கேட்டார்: "அண்ணை, மூண்டாவதாய் ஒண்டு வாசிச்சனீங்கள். அது என்ன?"

என் பேச்சைக் கவனமாகக் கேட்ட ஒரே ஆள் எதிரணியில் இருந்தார்.

கையை உயர்த்தினேன். "என்ர விரலிலை பட்டது" என்று நடுவரிடம் சொன்னேன். புள்ளி அவர்களுக்குப் போய்ச் சமநிலையானது. அடுத்த இரண்டையும் அவர்களே எடுத்தார்கள். கடைசிப் பந்தை வலைக்குள் தட்டியவனும் நான்தான்.

பங்குத்தந்தை என் கையைப் பிடித்து, "நல்ல சாட்சியம்" என்றார். எங்கள் அணித்தலைவர் சப்பாத்தைக் கழற்றியபடி, "வாற வருசம் ரெண்டு விசயத்தோட நிப்பாட்டுங்கோ அண்ணை" என்றார்.

அன்று நாட்குறிப்பில் 'நானாகவே ஒப்புக்கொண்டேன்' என்று எழுதி, 'நானாகவே' என்பதை வெட்டினேன். சனிக்கிழமை பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். விரலுக்காக அல்ல, அந்த நல்ல வழிக்காக.