பாரா புத்தகத்தில் ஒன்பது கையெழுத்து

2009இல் நான் கடலூரில் இன்ஸ்பெக்டர். சிதம்பரம் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் யாருக்கு என்ன டூட்டி என்று போடும் ரைட்டராக இருந்த ஏட்டு மீதான துறை விசாரணை என்னிடம் வந்தது. போலிக் கையெழுத்து என்பது குற்றச்சாட்டு. வாசல் காவல் நிற்பவர்கள் கையெழுத்திடும் பாரா புத்தகத்தில், பகல் இரண்டு மணிக் காவலுக்கு நேராக ஒரு கான்ஸ்டபிளின் கையெழுத்து ஒன்பது நாள் தொடர்ந்து இருந்தது. முதல் கையெழுத்துக்கு முந்தைய நாளே அந்தக் கான்ஸ்டபிள் இறந்துபோயிருந்தார்.

பழைய பக்கங்களோடு ஒப்பிட்டேன். அதே சாய்வு, கடைசி எழுத்தின் அடியில் அதே இழுப்பு.

சொல்லாமல் ஒரு மதியம் ஸ்டேஷனுக்குப் போனேன். வாசல் நிழலில் பாரா நிற்கும் இடம் காலி. பெண் கான்ஸ்டபிள் ஒருத்தி துப்பாக்கியோடு நாலடி தள்ளி வெயிலில் நின்றாள்.

"நிழல்ல நிக்கிறதுதானே?"

"அங்க ஆளு நிக்குதுன்னு ஏட்டய்யா சொல்றாரு மேடம். பயமா இருக்கு."

அப்போது ஏட்டு தண்ணீர் டம்ளரோடு வெளியே வந்தார். என்னைக் கவனிக்கவில்லை. காலி இடத்தில் டம்ளரை வைத்து, "கால் வலிக்குதா மாப்ள? இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்றார். பதில் கேட்பவர்போலத் தலையாட்டினார்.

உள்ளே உட்காரவைத்துக் கேட்டேன். மறுக்கவில்லை.

"நான்தான் போட்டேன் மேடம். நெஞ்சு வலிக்குது, லீவு குடுங்கன்னு வந்தான். நடிக்காத, போய் நில்லுன்னு தொரத்துனேன். கொஞ்ச நேரங்கழிச்சுப் பாத்தா செவுத்துல சாஞ்சு கெடக்கறான். உசுரு இல்ல. துப்பாக்கிய மட்டும் வுடல."

"அதுக்கு ஏன் கையெழுத்து?"

"அவன இன்னும் யாரும் பாரா மாத்திவுடலியே. நிக்கிறவனுக்கு ஆப்சென்ட் போடச் சொல்றீங்களா?"

வெளியே வரும்போது அந்த டம்ளரைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தேன்.

குற்றச்சாட்டில் கையெழுத்து மட்டுமே இருந்தது; லீவு மறுத்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர் சொன்னதை முழுதாக எழுதி, லீவு மறுத்தது பற்றித் தனிக் குறிப்பும், அவரை மருத்துவரிடம் அனுப்பப் பரிந்துரையும் வைத்தேன். ஏட்டின் மூன்று வருட ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். மருத்துவ விடுப்பில் அனுப்பினார்கள். குறிப்புக்குப் பதிலே வரவில்லை.

மனசு ஆறாமல், நெல்லிக்குப்பத்தில் இறந்தவரின் மனைவியைப் போய்ப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அழுவார், திட்டுவார் என்று நினைத்தேன்.

"வலிக்குதுன்னு அவுரு வாய்விட்டுச் சொன்னாரா மேடம்?"

"சொன்னாரும்மா."

"எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல" என்றார். ஏட்டைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை.