கரிபிடித்த வகுப்பின் சிந்தாமணி மிஸ்

சிந்தாமணி மிஸ்ஸைப் போல் ஓர் ஆசிரியர் இந்தப் பூமியில் இதற்கு முன் பிறந்ததில்லை, இனிப் பிறக்கவும் போவதில்லை. அவர் வாயைத் திறந்தால் அரியலூர் சிமெண்டு ஆலைகளின் சங்கு வெட்கப்பட்டு நின்றுவிடும். அசோகர் சாலையோரம் மரம் நட்ட கதையை அவர் சொன்ன வேகத்தில், பள்ளி வாசலில் பட்டுப்போயிருந்த வேப்பமரம் இரண்டு இலை விட்டது. நெப்போலியன் மட்டும் உயிரோடு இருந்தால், எந்தப் போரில் எங்கே கோட்டை விட்டோம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஜெயங்கொண்டம் பஸ் ஏறி வந்து நிற்பான்.

இவ்வளவு பெரிய ஆளுக்கு ஆசிரியர் அறையில் நாற்காலி கிடையாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து தூக்கிவந்த ஒரு பெஞ்சில்தான் உட்காருவார். ஏனென்றால் அவர் அரசாங்கம் போட்ட ஆசிரியர் இல்லை, பெற்றோர் ஆசிரியர் கழகம் போட்டவர். வரலாற்று ஆசிரியர் பணியிடம் பல வருடமாகக் காலி. அரசாங்க ஆள் வரும்வரைக்கும் இவர். ஆள் வந்த அன்றைக்கே இவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோதும் அந்தப் பெஞ்சில்தான் இருந்தார், பன்னிரண்டுக்கு வந்த பிறகும் அதே பெஞ்சில்தான் இருக்கிறார். பெஞ்சுக்குத்தான் ஒரு கால் ஆட ஆரம்பித்திருக்கிறது.

எங்கள் பள்ளி சின்னப் பள்ளி இல்லை. நூறு வயதைத் தாண்டியது. இண்டர்வெல் மணி அடித்தால் எதிர்த் தெருவில் மேயும் ஆடுகள் தாமாகவே வீடு பார்த்துப் போய்விடும். தலைமை ஆசிரியர் அறையில் முதல் மதிப்பெண் எடுத்தவர்களின் பெயர்ப் பலகை இருக்கிறது. இடம் தீர்ந்து இரண்டாவது பலகை அடித்தார்கள். அதிலிருந்து டாக்டர் ஆனவர்கள், இன்ஜினியர் ஆனவர்கள், தாசில்தார் ஆனவர்கள் உண்டு. பன்னிரண்டு எஃப்பிலிருந்து அதில் ஒரு பெயரும் இல்லை. ஏ முதல் ஈ வரை உட்காரவைத்த பிறகு மிச்சம் நிற்பவர்களை அள்ளிப் போடும் இடம் எஃப். அதற்கு வரலாற்று குரூப் என்று பெயர். நான் பூவரசன், எஃப்பின் கடைசி பெஞ்ச். வாரத்தில் பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் லாரிப் பட்டறை. வகுப்பில் இருக்கும் பாதி நாளும் கவிழ்ந்து படுத்திருப்பேன் என்பது ஊரறிந்த சங்கதி.

எங்கள் வகுப்பறை தனியாக, காம்பவுண்டு ஓரமாக இருக்கும். ஒரு பக்கச் சுவர் மேலிருந்து கீழ்வரை கருப்பு. எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் கரி வெளியே வந்துவிடும். பதினொன்றிலும் எங்களுக்கு இதே அறைதான்; அதன் முதல் நாள் மிஸ் புத்தகத்தைத் திறக்கவில்லை. சுவரைக் காட்டி, "இந்தக் கரி யாரோடது?" என்றார்.

"பேய் மிஸ்" என்றான் வேல்முருகன். என் பக்கத்து பெஞ்ச்.

"பேய் சோறாக்குமாடா?"

அது பழைய விடுதியின் சமையல்கட்டு என்று அப்போதுதான் தெரிந்தது. பஸ் இல்லாத காலத்தில் தூரத்து ஊர்ப் பையன்கள் அங்கே தங்கிப் படித்தார்களாம். அரிசி கிடைக்காத வருடத்தில் கம்பங்கூழ் குடித்துக்கொண்டு பரீட்சை எழுதினார்களாம். அந்தப் பையன்களில் உயிரோடு இருப்பவர்களை உடையார்பாளையத்திலும் அரியலூரிலும் தேடிப்போய்க் கேட்டு, பழைய படங்களை வாங்கிவந்து நகல் எடுத்து, கரிச்சுவருக்கு எதிர்ச்சுவரில் ஒட்டிவைத்தவர் மிஸ். பள்ளிக்கூடம் ஓலைக் கொட்டகையாக இருந்த படத்திலிருந்து போன வருட ஆசிரியர் குழுப்படம் வரை எல்லாம் இருக்கிறது. ஒன்றில்கூட மிஸ் இல்லை. படம் எடுக்கும் நேரத்தில் யாராவது, "சிந்தாமணி, வெளிய பசங்க சத்தம் போடுறானுவ, போயி பாரும்மா" என்று அனுப்பிவிடுவார்கள்.

மிஸ்ஸின் சொந்த ஊர் அரும்பாவூர். அப்பா அங்கமுத்து சின்ன வெங்காயம் போடுகிறவர். மகள் எம்.ஏ., பி.எட். முடித்ததும் தெருவுக்கே கறிச்சோறு போட்டாராம், நாளைக்கே வேலை வந்துவிடும் என்ற நம்பிக்கையில். அந்த நாளை இன்னும் வரவில்லை. அரசாங்கத் தேர்வு ஒரு தடவை தள்ளிப்போனது. ஒரு தடவை தேர்வு அன்றைக்கே பிரசவ வலி. ஒரு தடவை எழுதி, கொஞ்சத்தில் போனது. கல்யாணம் ஆகி வந்தது உடையார்பாளையம் பக்கம். வீட்டுக்காரருக்கு முந்திரித் தோப்பு. "நீ அங்க போயி கத்துறதுக்கு இங்க முந்திரி உடைச்சா கையில ஏதாச்சும் நிக்கும்" என்பாராம். மிஸ்ஸே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

இந்த ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தலைமை ஆசிரியர் அறிவழகன் சார் எங்கள் வகுப்புக்கு வந்தார். எஃப்புக்கு அவர் வருவதே மழை வருவது மாதிரி.

"இந்த மாறுதல் கலந்தாய்வுலயும் வரலாற்றுக்கு யாரும் வரலைன்னா பணியிடத்தையே எடுத்துடுவாங்க. குரூப்பை மூடிடுவாங்க. உங்களை வேற ஊரு ஸ்கூலுக்கு மாத்த வேண்டியிருக்கும். வூட்ல சொல்லி வைங்க."

அவர் போன பிறகு ஆர்த்தி தலையைத் தொங்கப்போட்டாள். எங்கள் வகுப்பில் பாஸாவாள் என்று சத்தியம் செய்யக்கூடியவள் அவள் ஒருத்திதான். "எங்கப்பா பஸ் ஏத்தி அனுப்ப மாட்டாருடா. நின்னுற வேண்டியதுதான்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னாரு. மூடுனாரா?" என்றேன்.

"இந்த வருஷம் மூஞ்சி வேற மாதிரி இருந்துச்சு."

அன்றிலிருந்து மிஸ்ஸின் பாடம் ஓட ஆரம்பித்தது. மூன்று வாரத்தில் நடத்துவதை மூன்று நாளில் நடத்தினார். குரல் கட்டி, சுக்குப் பொடியை வாயில் அடக்கிக்கொண்டு நடத்தினார். எதற்கு இந்த ஓட்டம் என்று எங்களுக்குப் புரிந்தது. போவதற்குள் முடித்துவிடப் பார்க்கிறார். அந்த ஓட்டத்திலும் ஒரே ஒரு நாள் நிதானமாக நின்றார். ஐரோப்பாவில் பரவிய கொள்ளைநோய் பற்றிச் சொன்ன நாள். கப்பல், எலி, ஊர் ஊராகச் சாவு. புத்தகத்தில் இருப்பது கொஞ்சம்தான், அவர் சொன்னது முழு பீரியடு. நான் வழக்கம்போல் கவிழ்ந்து படுத்திருந்தேன்.

கலந்தாய்வுக்கு முன் ஆசிரியர்கள் ஒரு வேலை செய்வார்கள். மாறுதல் கேட்பவர்கள் காலி இடம் இருக்கும் பள்ளிகளை நேரில் வந்து நோட்டம் பார்ப்பார்கள். பஸ் ஸ்டாண்டு எவ்வளவு தூரம், கக்கூஸ் எப்படி, பையன்கள் எப்படி என்று எதிர்க் கடையில் டீ குடித்தபடி விசாரிப்பார்கள். பெண் பார்க்க வருவது மாதிரிதான், சொஜ்ஜி பஜ்ஜி மட்டும் கிடையாது. ஆக, மிஸ் போகாமலிருக்க நாங்கள் செய்ய வேண்டிய வேலை சுலபம். பார்க்க வருகிறவருக்குப் பெண்ணைப் பிடிக்கக் கூடாது.

முதலில் வந்தவர் முத்தமிழ்செல்வன் சார். பெரம்பலூரிலிருந்து மனைவியோடு பைக்கில் வந்தார். டீக்கடையில் அவரே எங்களைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஸ்கூல் எப்படிப்பா?"

"சூப்பர் சார். பாம்பு மட்டும் கொஞ்சம்" என்றேன்.

"பாம்பா?"

"கடிக்காது சார். ஆசிரியர் அறை ஜன்னல்ல சட்டைய கழட்டிப் போட்டுட்டு அது பாட்டுக்குப் போயிடும்."

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். முந்திரித் தோப்பில் கிடந்த பாம்புச் சட்டையை முன்கூட்டியே ஜன்னல் கம்பியில் சுற்றிவைத்திருந்தோம். சாரின் மனைவி, "என்னங்க, வாங்க" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். பைக் முதல் கியரிலேயே ஜெயங்கொண்டம் ரோட்டைத் தாண்டியிருக்கும். அன்று மிஸ் அதே ஆடும் பெஞ்சில் உட்கார்ந்து மதியச் சோறு சாப்பிட்டதை ஜன்னல் வழியே பார்த்தேன். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

இரண்டாவதாக வந்தவர் தனியாக, பஸ்ஸில் வந்தார். பானுப்ரியா டீச்சர். சிறுவாச்சூர்க்காரர், வேலை கிழக்கே கடலோரம் எங்கோ. வேர்த்து விறுவிறுத்து வந்தவர் கக்கூஸைக் கேட்கவில்லை, பஸ்ஸைக் கேட்கவில்லை. "எஃப் வகுப்பு எதுப்பா?" என்றார். உள்ளே வந்ததும் நேராகக் கரிச்சுவருக்குப் போய் விரலால் தொட்டார். இது என்ன புதுசாக இருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் நான் யோசிக்கிறவன் இல்லை.

"ரொம்ப நேரம் உள்ள நிக்காதீங்க மிஸ். இங்க எலி ஜாஸ்தி. காய்ச்சல் வருது."

"என்ன காய்ச்சல்?"

"மொதல்ல குளிரும். அப்புறம் அக்குள்ள முட்டை கணக்கா வீங்கும். அப்புறம் தோலெல்லாம் கருப்பு கருப்பா."

"அப்புறம்?"

"அப்புறம் அவங்க ஸ்கூலுக்கு வரதில்ல மிஸ்."

அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். பயம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். "வெளியூரு ஆளுங்கன்னா நாப்பது நாளு தனியா வெச்சிருந்துதான் உள்ள விடுவோம் மிஸ்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கெல்லாம் இப்ப இருக்கற மிஸ்தான் வேணும், இல்ல?"

என் பெயரைக் கேட்டார். வேல்முருகன் என்றேன். தலையாட்டிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். குடையைக்கூட விரிக்கவில்லை, அந்த வெயிலில்.

வேல்முருகன் என்னைத் தோளில் தூக்கிச் சுற்றினான். ஆர்த்தி மட்டும், "அந்த டீச்சரு அழுத மாதிரி இருந்துச்சு. நீங்க எல்லாம் மனுசங்களாடா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் நான் பள்ளிக்குப் போகவில்லை. பட்டறையில் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்றின் அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் டயருக்குப் பக்கத்தில் ஒரு ஜோடிச் செருப்பு வந்து நின்றது. இடது செருப்பில் தைத்த தையல் தெரிந்தது. அந்தத் தையலை ஆறாம் வகுப்பிலிருந்து எனக்குத் தெரியும்.

"வெளிய வா பூவரசா."

வந்தேன். முதலாளி எட்டிப்பார்த்து, "யாருப்பா, அக்காவா?" என்றார். மிஸ்ஸின் முகம் திட்டும் முகமாக இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. திட்டினால் எதிரே நிற்கத் தெரியும்.

"பானுப்ரியா என்கூட பி.எட். படிச்சவ. நாந்தான் அவள வரச்சொன்னேன்."

"எதுக்கு மிஸ்?"

"யாரும் வரலைன்னா வகுப்ப மூடிடுவாங்கன்னு சார் சொன்னது உன் காதுல விழுந்துச்சா, இல்லயா?"

"சும்மா சொல்றாருன்னு..."

"சும்மா இல்ல. ஆர்டரு நான் பாத்தேன்."

லாரி இன்ஜினின் சூடு முகத்தில் அடித்தது. "அப்ப நீங்க?" என்றேன்.

"எனக்கு முந்திரித் தோப்பு இருக்கு. ஆர்த்திக்கு என்னடா இருக்கு?" தொண்டையைச் செருமிக்கொண்டார். "அறைக்குள்ள நுழைஞ்சதும் அந்தச் சுவரத்தான் தொட்டாளாம். அதை விட்டுட மாட்டா. அப்படி ஒருத்திய தேடித்தான் கூப்பிட்டேன். பசங்களுக்கு நான் வரது பிடிக்கல, அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன், வேற எடம் பாத்துக்கறேன்னு ராத்திரி போன்ல அழுவுறா. நாளைக்கு அவளுக்குக் கலந்தாய்வு."

"நான் ஒண்ணும் பண்ணல மிஸ். அது வேல்முருகன்."

சொல்லும்போதே என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. மிஸ் அன்று முதல்முறையாகச் சிரித்தார். முழுச் சிரிப்பு, பாதியில் நிற்கவில்லை.

"வரலாறு படிச்சவகிட்டயே கொள்ளைநோய ஒப்பிச்சிருக்க. குளிரு, அக்குள் வீக்கம், கருப்புப் புள்ளி, வரிசை மாறாம. வெளியூர்க் கப்பல நாப்பது நாள் தனியா நிறுத்தி வெச்சாங்கன்னு நான் வகுப்புல ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். உங்க புத்தகத்துல அது கிடையாது. வேல்முருகன் அன்னைக்கு அவன் அக்கா கல்யாணத்துக்குப் போயிட்டான். மத்ததுங்க ஜன்னலப் பாத்துட்டு இருந்துச்சுங்க. கடைசி பெஞ்சுல ஒருத்தன்தான் கவுந்து படுத்திருந்தான்."

நான் கீழே கிடந்த ஸ்பேனரைப் பார்த்தேன். அது எனக்கு உதவவில்லை.

மிஸ் கைப்பையிலிருந்து பழைய துணி ஒன்றை எடுத்து நீட்டினார். "கையத் தொடச்சுக்க." துடைத்தேன். போனில் பானுப்ரியா டீச்சரின் எண்ணை அழுத்தி என் கையில் வைத்தார். மறுமுனையில் மணி அடிக்க ஆரம்பித்தது. அந்தப் பக்கம் எடுத்து, நான் சரியாகப் பேசி, அவர் வந்துவிட்டால், ஆடும் பெஞ்ச் திங்கட்கிழமையே ஒன்பதாம் வகுப்புக்குத் திரும்பிப் போய்விடும். நான் பேசாவிட்டால் ஆர்த்தியின் படிப்பு நின்றுவிடும். மணி நின்று, "சொல்லு சிந்தாமணி" என்று கரகரத்த குரல் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தூங்கற மாதிரி நடிக்காதடா" என்றார் மிஸ். "பேசு."