நெல்லித்தோப்பு மழை

1956 மே 17, வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். வானத்தில் மேகம் இல்லை, கீழே காற்று இல்லை. முற்றத்துத் தூணில் தொங்கிய வெப்பமானி நாற்பது காட்டியது. அதை அங்கே மாட்டியவர் என் மாமனார். பிரெஞ்சு சர்க்காரில் முப்பத்தொரு வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வெப்பம் என்றால் சென்டிகிரேடுதான். நான் மதராஸ் பத்திரிகை வாசிக்கிறவன். "நூத்தி நாலு மாமா" என்று மாற்றிச் சொல்வேன். "அது காய்ச்சக்காரனுக்கு, மாப்பிள்ளை" என்பார்.

என் மனைவி, அவருடைய ஒரே மகள், இறந்து அப்போது இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகியிருந்தன. எங்களுக்குக் குழந்தை இல்லை. அவள் இருந்தவரை அந்த வீட்டின் பேச்சு அவள் வழியாகத்தான் நடந்தது. அப்பாவுக்கு மோர் வேண்டுமாம், அவருக்கு வெந்நீர் வேண்டுமாம் என்று இரண்டு பக்கமும் அவளே கொண்டுபோய்ச் சேர்ப்பாள். அவள் போன பிறகு எஞ்சியது இரண்டு ஆண்களும் ஒரு வெப்பமானியும். காலையும் பகலும் மாலையும் தூணருகே நின்று எண்ணைச் சொல்லிக்கொள்வோம். மற்ற மாதங்களில் அதற்கும் அதிகம் இடமிருக்காது. கோடைதான் எங்களுக்குப் பேச்சுக்காலம்.

அந்த வாரம் பிரான்சிலிருந்து அவர் மகன் எழுதியிருந்தான். அங்கே ஏன் தனியாகக் கிடக்கிறீர்கள், கப்பலுக்குப் பணம் கட்டுகிறேன், திங்கட்கிழமைக்குள் தந்தி கொடுங்கள் என்று. மாமா அதை எனக்கு வாசித்துக் காட்டினார். 'தனியாக' என்ற இடம் வந்தபோது நான் வெப்பமானியைப் பார்த்தேன். பிறகு பத்திரிகையின் வானிலைக் குறிப்பை உரக்கப் படித்தேன்: சமவெளிகளில் ஓரிரு இடங்களில் இடியுடன் மழை பெய்யலாம், வெப்பநிலையில் பெரிய மாற்றம் இராது.

"அந்த ஓரிரு எடத்துல நம்ம முத்தம் உண்டா?" என்றார் மாமா. "ஞாயித்துக்கெழமைக்குள்ள இங்க மழை பெஞ்சா இருந்துடுறேன். பெய்யலன்னா கப்பல் ஏறிடுறேன்."

விளையாட்டாகச் சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. "சரி மாமா" என்றேன். போக வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. மகளே போன பிறகு மருமகனுக்கு என்ன உரிமை என்ற கூச்சம். ஆகவே மழையை நம்பினேன்.

சனிக்கிழமை மேற்கே கறுத்தது. வாசலில் கூடையை இறக்கிய மீன்காரம்மா எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தாள். "ரெண்டு ஆம்பளைங்களும் இப்பிடி மொறச்சிப் பாத்தா எந்த மேகம் கிட்ட வரும்? உள்ள போங்க சாமி, அது பாட்டுக்கு வந்துட்டுப் போவட்டும்." மேகம் வரவில்லை. கடற்காற்று கலைத்துவிட்டது.

ஞாயிறு மாலை நான் அரிசிக்காக அடுத்த பேட்டையான நெல்லித்தோப்பில் ஒரு கடைக்குப் போயிருந்தபோது இடித்தது. இருபது நிமிடம் கொட்டியது. கடைக்காரர் உள்ளே கூப்பிடக் கூப்பிட நான் தெருவில் நின்று நனைந்தேன். அரிசியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டை நோக்கி ஓடினேன். பாதி வழியில் என் காலடியில் புழுதி பறந்தது. அதற்கப்பால் ஒரு துளிகூட விழுந்திருக்கவில்லை.

மாமா காய்ந்த முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். என் சட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"இது நெல்லித்தோப்பு மழை, மாப்பிள்ளை. நம்ம மழை இல்ல."

"ஒரே ஊருதான மாமா? ரெண்டுக்கும் ஒரே முனிசிபாலிட்டி."

"முத்தம்னுதான பேச்சு?"

"பத்திரிகையில சமவெளின்னுதான் போட்டிருக்கான். முத்தம்னு எவன் போடுவான்?"

இப்படி ஒரு மணி நேரம் வாதாடினோம். அவள் இறந்த பிறகு நாங்கள் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். மழை எது, ஊர் எது, எல்லை எது என்று எல்லாவற்றையும் பேசினோம். இருப்பதா போவதா என்பதை மட்டும் பேசவில்லை. சாப்பிட்டுக் கை கழுவியதும் அவர் கேட்டார், "வேற ஏதாவது சொல்லணுமா மாப்பிள்ளை?"

"சாயங்காலம் முப்பத்தாறு மாமா" என்றேன்.

காலையில் அவரே போய்த் தந்தி கொடுத்துவிட்டு வந்தார். ஜூனில் கப்பல் கரைக்கு வெகு தொலைவில் வந்து நின்றது. படகில் ஏறிப் போனார். அவர் போன பன்னிரண்டாம் நாள் முற்றத்தில் மழை அடித்துப் பெய்தது. நான் தூணருகே ஓடி, "இருபத்தஞ்சு மாமா!" என்று உரக்கச் சொன்னேன். வீட்டில் எனக்கு முதல்முறையாகப் பயமாக இருந்தது. குடையைக்கூட எடுக்காமல் தந்தி ஆபீசுக்குப் போய், அவர் மகனுடைய விலாசத்துக்கு, பிரெஞ்சில் ஒரே ஒரு சொல் எழுதிக் கொடுத்தேன்: வாருங்கள்.

"இன்னும் நாலு வார்த்தை போடலாம் சார், காசு அதேதான்" என்றார் குமாஸ்தா. கொசுறு கேட்டு வாங்காமல் கறிவேப்பிலைக்காரியை விடாதவன் நான். அந்த நாலையும் விட்டுவிட்டு வந்தேன்.

அவர் வரவில்லை. இரண்டு குளிர்காலம் தாங்கி, அங்கேயே போய்ச் சேர்ந்தார். இப்போது எனக்கு எண்பத்தொன்று. தொலைக்காட்சியில் மேகத்தையே படமாகக் காட்டுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து மறுத்துப் பேச ஆளில்லை. தந்திக்கு அவர் எழுதிய பதில் ஒரே வரி: 'இதை நெல்லித்தோப்பிலிருந்து நனைந்து வந்த அன்றைக்கே சொல்லியிருந்தால் காசு மிச்சம், மாப்பிள்ளை.'

தந்திக்கு ஆனது பதினோரு ரூபாய் ஆறணா.