பட்டனை எடுக்க மாட்டேன்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வரும் சிவரஞ்சனிக்கு ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஒரு சின்ன ஆபீஸ். கல்லூரித் தோழன் ஜெபக்குமாரோடு சேர்ந்து அவள் எழுதிய மென்பொருளை வைத்துத்தான் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் பல தறிக்கூடங்கள் உற்பத்தியைக் கவனித்துவந்தன. போட்டிக்கு ஒரு கோவைக் கம்பெனி. அவர்கள் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் இவர்களும் சேர்ப்பார்கள். இவர்கள் சேர்த்தால் அவர்கள். அது யாருக்குத் தேவை என்று இரண்டு பக்கமும் கேட்டதில்லை.

போன வருஷம் அந்தக் கம்பெனி கேமராவைச் சேர்த்தது. தறியை விட்டு ஆள் நகர்ந்தால் முதலாளியின் போனுக்குத் தகவல் போகும். கூலியும் தானாகக் குறையும்.

தறிக்கூடம் நடத்தும் காளிராஜ் அவளைக் கூப்பிட்டுவிட்டார். "அவிய குடுக்காங்க. நீயும் போட்டுக் குடும்மா."

"கக்கூஸுக்குப் போறவளையும் பிடிக்கணுமா அண்ணாச்சி?"

"எல்லாத்தையுந்தான்."

"அப்ப என்னால ஏலாது."

அவள் அம்மா ஆவுடையம்மாள் நூற்பாலையில் இருந்தவள். கழிப்பறைக்குப் போக சூப்பர்வைசரிடம் கேட்கக் கூசி, ஷிப்டு முடியும்வரை தண்ணீர் குடிக்காமலே இருந்து சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டவள்.

காளிராஜ் கோவைக்காரர்களிடம் போய்விட்டார். ஜெபக்குமார் கொதித்தான். "அவன்கிட்ட இருக்குறது நம்மகிட்ட இல்லன்னா நம்மள யாரு சீந்துவா?"

"நாளைக்கு அவன் காலுக்கு விலங்கு சேத்து வித்தா, நாம பூட்டு செய்வோமா ஜெபா?"

மறுநாள் அவள் தறிக்கூடங்களுக்கே போய், தறி ஏன் நிற்கிறது என்று ஓட்டுகிறவர்களிடம் கேட்டாள். "நூலு வரல, கரண்டு போச்சு, சாமான் ஒடஞ்சுபோச்சு. நான் எங்க போனேன்?" என்றாள் தறி ஓட்டும் வேலுத்தாய். அந்தக் காரணங்களையே சிவரஞ்சனி படம் போட்ட பட்டன்களாக்கினாள். தறி நின்றால், ஓட்டுகிறவரே போனில் காரணத்தை அழுத்தலாம்.

சில வாரத்திலேயே தெரிந்துபோனது. பெரும்பாலும் தறி நின்றது நூல் வராததால். அதாவது நேரத்துக்கு நூல் இறக்காத முதலாளியால்.

கண்ணுச்சாமி என்ற முதலாளி படியேறி வந்தார். "நான் வாங்குன சாப்ட்வேர் என்னையவே குத்தம் சொல்லுதே. அந்தப் பட்டன எடுத்துரு."

"எடுக்க மாட்டேன்."

அவரும் போனார். போகாத சிலர் முணுமுணுத்துக்கொண்டே நூலை முன்கூட்டி இறக்கினார்கள். அவர்களுக்குத் துணி கூடியது. வேறு கூடங்களிலிருந்தும் விசாரிக்க வந்தார்கள். விட்டுப்போனவர்கள் அளவுக்கு இல்லை, ஆனாலும் ஆபீஸ் மூடவில்லை.

கொஞ்ச மாதம் கழித்து கோவைக் கம்பெனியும் அதே பட்டனைக் கொண்டுவந்தது. கூடவே, வேண்டாமென்றால் முதலாளி அதை மறைத்துவைக்க ஒரு வசதியும்.

"நாமளும் மறைக்க வழி குடுத்துருவமா? கண்ணுச்சாமி திரும்பி வருவாரு," என்றான் ஜெபக்குமார்.

"வரட்டும். பட்டனோட வரட்டும்," என்றாள் சிவரஞ்சனி.

அன்று சாயங்காலம் ஆபீஸ் கதவில் ஒரு தாளை ஒட்டினாள். 'எங்களிடம் கேமரா கிடையாது. காரணப் பட்டனை மறைக்க முடியாது. சம்மதம் என்றால் உள்ளே வரலாம்.' ஜெபக்குமார் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்தான். பிறகு, காற்றில் தூக்கிக்கொண்டிருந்த ஒரு மூலைக்கு அவனே டேப் ஒட்டினான்.