காப்பிக்கொட்டை வாங்க வால்பாறைக்கு

கணபதியில் விடிகாலை டவுன் பஸ் ஏறி உக்கடம் வந்தோம். அங்கிருந்து பொள்ளாச்சிக்கு நாற்பது கிலோமீட்டர். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு அறுபத்து நான்கு. அவ்வளவு தூரமும் காப்பிக்கொட்டைக்காக என்றால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள்.

என் வீட்டுக்காரருக்கு லேத் பட்டறையில் வேலை. நான் இரண்டாம் தாரம். மூத்தவர் ரோஸி காய்ச்சலில் இறந்து ஒரு வருடம் கழித்து, எங்கள் சர்ச் சபைக்காரர்கள் பேசி முடித்த கல்யாணம். கடைத்தூளில் நான் போட்டுக் கொடுக்கும் காப்பியைத் தினமும் பாதி குடித்துவிட்டு வைத்துவிடுவார். குறை சொல்ல மாட்டார். நான் துருவிக் கேட்ட பிறகுதான், "முன்னெல்லாம் வால்பாறைல ஒரு தோட்டத்துல வாங்குவோம்" என்றார். யாரோடு போய் வாங்கினார் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் யாரும் ரோஸி பேரை எடுப்பதில்லை.

"அங்கயே போலாங்க" என்றேன்.

ஆழியாறு அணை தாண்டியதும் மலை தொடங்கியது. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். பாதியில் எனக்குத் தலை சுற்ற, அவர் ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தார். வால்பாறையில் இறங்கி ஜீப்பில் கொஞ்ச தூரம், பிறகு நடை. தேயிலைச் சரிவு முடிந்து மரநிழல் வந்தது. நிழலுக்குள் காப்பிச் செடிகள், கிளை நெடுகச் சிவப்புப் பழம்.

தோட்டக்காரம்மா மரகதம் களத்தில் காயப்போட்ட பழத்தைக் கிளறிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க வாங்க! ஏனுங்க, எத்தன நாளாச்சு! ரோஸியக்கா வரலீங்களா? இது உங்க தங்கச்சிங்களா?"

என் வீட்டுக்காரர் களத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரோஸியக்கா தவறிட்டாங்க" என்றேன் நான். "ரெண்டு வருசமாச்சுங்க. நான் இவரக் கட்டிக்கிட்டவ."

அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

மரகதம் அப்படியே களத்தில் உட்கார்ந்துவிட்டார். "எம் புள்ளைக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொண்டாந்தாங்களே..." என்று அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பழச்சாறு ஒட்டிய கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பார்த்தேயிராத ஒருத்திக்காக எனக்கும் கண் நிறைந்தது.

பிறகு முகம் கழுவிவிட்டு, விறகடுப்பில் இரும்புச் சட்டியை வைத்தார். "அக்காவுக்கு நல்லாக் கருக வறுக்கோணும். உங்களுக்கு எப்படிங்க வேணும்?"

என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "தெரியலீங்க. எங்கம்மா ஊட்ல டீ தானுங்க."

அழுத முகத்தோடு சிரித்துவிட்டார். இளவறுப்பில் கொஞ்சம் எடுத்து அரைத்து, வெல்லம் போட்டுக் கொடுத்தார். லேசான புளிப்பு. நன்றாகத்தான் இருந்தது.

"இதே போதுங்க."

கிலோ தொண்ணூறு ரூபாய். ஒரு கிலோ நிறுத்தபோது, என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பாமல், "கருக வறுத்ததும் அரைக் கிலோ போடுங்க" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் பையை மடியில் வைத்துக்கொண்டார். மூன்றாவது நான்காவது வளைவில், "கோவமா?" என்றார்.

"இல்லீங்க. அவங்க ஏன் அப்படிக் கருக்கிக் குடிச்சாங்க?"

"அதுவா?" என்று சிரித்தார். மொதல் தடவை ரோஸி வறுத்தபோது தீய்ந்துபோனதாம். ஒத்துக்கொள்ள மனசில்லாமல், இதுதான் ருசி என்று சாதித்தாராம். கடைசியில் இருவருக்கும் அதுவே பிடித்துப்போனதாம். அப்புறம் என் வீட்டுக்காரர் பேச்சை நிறுத்தவேயில்லை. ரோஸி பஸ்ஸில் பாட்டுப் பாடியது, பட்டறைக்கே வந்து சண்டை போட்டது, ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டது. பேச்சு சமவெளிக்கு இறங்கியும் ஓயவில்லை.

பொள்ளாச்சியில் கோயமுத்தூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் எங்களைப் பார்த்துக் கையாட்டினார். என் வீட்டுக்காரர் பேச்சை நிறுத்திவிட்டுப் பையைத் தூக்கினார்.

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"அடுத்த பஸ்ல போலாங்க. நீங்க சொல்லுங்க."