கவர்னர் எடுத்த ஒரே முடிவு

பெங்களூர் மல்லேஸ்வரத்துக் கஸ்தூரிரங்கன் விமானப்படையில் ஹெலிகாப்டர் பைலட்டாகச் சேர்ந்து, ஏர் மார்ஷலாக ஓய்வுபெற்றவர். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், வடகிழக்கில் ஒரு மலை மாநிலத்துக்குக் கவர்னராகப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த உத்தியோகம் அவருக்குச் சரிப்பட்டு வரவில்லை. ஆயுசு முழுக்க உத்தரவு போட்டுப் பழகிய மனிதர். அங்கேயோ மந்திரிசபை எழுதித் தந்த உரையை "என் அரசு" என்று படிக்க வேண்டும், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும், போர்த்திய சால்வைக்குக் கும்பிட வேண்டும்.

"கொலு பொம்மை மாதிரி உட்கார வெச்சிருக்கா," என்று மனைவி அனந்தலக்ஷ்மியிடம் போனில் புலம்புவார்.

"பொம்மையை ஒன்பது நாள்ல எடுத்து வெச்சுடுவா. உங்களுக்கு அஞ்சு வருஷம்," என்று அவள் சிரிப்பாள். மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாமல் அவள் மகள் ஸ்வர்ணாவோடு மல்லேஸ்வரத்திலேயே இருந்துவிட்டாள்.

நாலாம் வருஷம், மழைக்காலத்தில் ஒரு காலை ஸ்வர்ணா கூப்பிட்டாள். "அம்மாவுக்கு ஹார்ட் அட்டாக்ப்பா. ஐ.சி.யூ.ல இருக்கா. உன்னைத்தான் கேட்டுண்டே இருக்கா. உடனே வா."

ராஜ்பவன் புல்வெளியில் ஹெலிகாப்டர் நின்றது. அதில் போனால் மத்தியான விமானத்தைப் பிடித்து சாயங்காலமே பெங்களூரில் இருக்கலாம். காரில் என்றால் மலையிறங்கவே பொழுது சாய்ந்துவிடும். அடுத்த விமானம் மறுநாள்தான். ஆனால் பள்ளத்தாக்கை மேகம் அடைத்துக் கிடந்தது. பறக்கலாமா கூடாதா என்பதில் கடைசி வார்த்தை பைலட்டுடையது. கஸ்தூரிரங்கன் தன் காலம் முழுவதும் விட்டுக்கொடுக்காத வழக்கம் அது. பைலட் ஹரிஷும் பெங்களூர்தான், அல்சூர்ப் பையன்.

"போயிடலாம் சார்," என்றான் அவன், மேகத்தைப் பார்க்காமல்.

"நான் ஏறலைன்னா, இப்போ நீ இதைக் கிளப்புவியா?"

ஹரிஷ் குனிந்து ஹெல்மெட் வாரைச் சரிசெய்தான். எதிரே நிற்பவர் கவர்னர், போதாக்குறைக்கு ஏர் மார்ஷல். அவரிடம் எந்தப் பைலட் முடியாது என்பான்? ஏறி உட்கார்ந்தால் போதும், பையன் கிளப்பிவிடுவான். அனந்தலக்ஷ்மியின் முகத்தைப் பார்த்துவிடலாம்.

"காரை எடுக்கச் சொல்லு," என்றார்.

மறுநாள் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது அனந்தலக்ஷ்மியைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வாசலில் போலீஸ்காரர்கள் அடித்த சல்யூட் அவர் கண்ணில் படவில்லை.

"ஹெலிகாப்டர் வாசல்லயே நின்னுதேப்பா!" ஸ்வர்ணா வெடித்தாள். "விடிகார்த்தால வரைக்கும் கண்ணைத் திறந்து திறந்து பார்த்தா. ஏன் அதுல வரலை?"

அவர் மனைவியின் காலடியில் உட்கார்ந்தார்.

"சர்வீஸ்ல இருந்தப்போ என் பைலட் யாராவது விழுந்து செத்தா, வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டியது நான். எனக்கு ஒரு தடவைகூட வாய் வந்ததில்லை. உங்கம்மாதான் கூட வந்து, அந்தப் பொண்ணைக் கட்டிண்டு சொல்லுவா. ஹரிஷுக்குப் போன தையிலதான் கல்யாணம் ஆச்சு, ஸ்வர்ணா. தன்னைப் பார்க்க வர்றதுக்காக அவன் உசிரைப் பணயம் வெச்சேன்னு தெரிஞ்சா, உங்கம்மா என் மூஞ்சியிலேயே முழிச்சிருக்க மாட்டா."

ஸ்வர்ணா எழுந்து உள்ளே போனாள். அனந்தலக்ஷ்மி மன்னித்திருப்பாள் என்று அவருக்குத் தெரியும். மகள் மன்னித்தாளா என்று கேட்க இன்றுவரை அவருக்குத் துணிவு வரவில்லை.